கிடந்து கெட்டதும் உழைத்துத் தேய்ந்ததும்

2012-ஆம் ஆண்டு சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு நீடித்தபோதுதான் இன்வெர்ட்டர் என்ற பொருள் அதன் பேட்டரியோடு தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளுக்குள் பெருமளவில் நுழைந்தது. காஞ்சிபுரத்தின் தென்கோடியில், பாலாற்றை ஒட்டி வந்தவாசி சாலையில் இருக்கும் செவிலிமேடு போன்ற ஊர்களில் மின்வெட்டு என்றால் அது வருமானத்தில் விழும் வெட்டு. குழித்தறியில் அமர்ந்து கோர்வை நெய்பவருக்குப் புடவையின் உடலும் கரையும் சேரும் இடத்தில் ஓர் இழை பிசகினாலும் உடனே கண்ணில் படும் அளவுக்கு வெளிச்சம் வேண்டும். கிராமங்களுக்கோ வேறு வழியாக பேட்டரி வந்தது. 2011-ல் தொடங்கிய முதலமைச்சரின் பசுமை வீடுகள் திட்டம், ஆண்டுக்கு 60,000 வீடுகள் என்ற இலக்கோடு, 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் சூரிய ஒளியில் எரியும் ஐந்து சி.எஃப்.எல். விளக்குகளைக் கொடுத்தது. அதன்பின் மின்வெட்டு குறைந்தது. இன்வெர்ட்டருக்கு வேலை இல்லாமல் போனது. வேலை இல்லாத பொருளுக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. அன்று வாங்கிய பேட்டரிகள் பெரும்பாலும் காயலான் கடைக்குப் போய்விட்டிருக்கும். அவற்றின் இடத்துக்கு வந்தவையும் படிக்கட்டின் கீழும் பரணிலும் அதே புறக்கணிப்பில்தான் கிடக்கின்றன.

இப்படிக் கிடக்கும் காரீய-அமில பேட்டரிகளை எடுத்து, தண்ணீர் ஊற்றி, சார்ஜ் ஏற்றி, ஒரு சோலார் பேனலோடு இணைத்து மறுபடி வேலை வாங்குவது ஒரு வழக்கமாகப் பரவியிருக்கிறது. தெருமுனை பேட்டரிக் கடைக்காரர் செய்கிறார். ஆர்வமுள்ள இளைஞர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கிறார்கள். இதற்கென்று பொடிகளும் கருவிகளும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. பொருளை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணம் இதன் பின்னால் இருக்கிறது. ஆனால் நல்லெண்ணம் ஒன்றே ஒரு தொழில்நுட்ப வழக்கத்துக்குச் சான்றிதழ் ஆகிவிடாது. எந்த பேட்டரி மீளும், எவ்வளவு மீளும், மீளாததை என்ன செய்வது என்ற மூன்று கேள்விகளுக்கும் எண்களில் விடை சொல்லும்போது இந்த வழக்கம் ஏழை வீட்டுக்கு உண்மையாகவே உதவுகிறது. அளக்காமல் செய்யும்போது அதுவே ஏமாற்றுக்கும் நச்சுக்கும் வாசலாகிறது. அதன் நன்மை முழுவதும் அளவெடுப்பதில்தான் அடங்கியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில், பேட்டரி ஏன் கெடுகிறது? 1859-ல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய அடிப்படை அமைப்பு இன்றும் மாறவில்லை. ஒரு தகட்டில் காரீய டையாக்சைடு, மற்றதில் பஞ்சு போன்ற காரீயம், இடையில் நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தகடுகளிலும் காரீய சல்பேட் படிகிறது. சார்ஜ் ஏற்றும்போது அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. இந்தத் திரும்புதலுக்கு ஒரு நிபந்தனை உண்டு: சல்பேட் நுண்ணிய துகளாக இருக்க வேண்டும். சார்ஜ் இறங்கிய நிலையில் பேட்டரியை மாதக்கணக்கில் விட்டுவிட்டால், சிறு துகள்கள் கரைந்து பெரிய படிகங்களோடு போய்ச் சேரும். ஆறப் போட்ட சர்க்கரைப் பாகு கற்கண்டாக இறுகுவதைப் போலத்தான் இதுவும். இறுகிய படிகம் எளிதில் கரையாது. மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தாது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் பேட்டரி தானாகவே மாதத்துக்கு ஓரிரு விழுக்காடு முதல் ஐந்து விழுக்காடு வரை சார்ஜை இழக்கும்; கோடையில் 40 டிகிரியைத் தொடும் காஞ்சிபுரத்தில் அந்த இழப்பு இன்னும் வேகமாகும். ஆகவே ‘சும்மாதானே கிடக்கிறது’ என்று நாம் நினைக்கும் பேட்டரிக்குள் கேடு ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. இதைத்தான் சல்பேஷன் என்கிறார்கள்.

இது ஒரு வகைக் கேடு. வேறொரு வகையும் உண்டு. நேர்மின் தகட்டைத் தாங்கும் காரீயச் சட்டம் ஆண்டுகள் செல்லச் செல்ல அரிக்கப்படுகிறது. தகட்டில் பூசியிருக்கும் வினைப்பொருள் ஒவ்வொரு சார்ஜிலும் விரிந்து சுருங்கி, மெல்ல இளகி உதிர்கிறது. உதிர்ந்தது அடியில் சேறாகத் தங்கி, உயர்ந்து, ஒருநாள் இரண்டு தகடுகளையும் தொட்டு அந்த செல்லையே குறுக்குச் சுற்றாக்கிவிடுகிறது. வெப்பநிலை பத்து டிகிரி கூடும்போது ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது என்பது இத்துறையில் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. இந்தத் தேய்மானத்துக்குத் திரும்பும் வழி இல்லை. உதிர்ந்த வினைப்பொருளை எந்த மின்னோட்டமும் மறுபடி தகட்டில் ஒட்டவைக்காது. அரித்துப்போன சட்டம் வளராது. ஆக, கைவிடப்பட்ட பேட்டரிகளில் கிடந்து கெட்டவை ஒரு சாதி, உழைத்துத் தேய்ந்தவை மற்றொரு சாதி. முன்னதற்கு மருந்து உண்டு, பின்னதற்கு இல்லை. மீட்புத் தொழிலின் வெற்றிகள் அனைத்தும் முதல் வகையில் கிடைப்பவை. ஏமாற்றங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையை முதல் வகை என்று எண்ணியதால் வருபவை. இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே தூசி படிந்த பெட்டிதான். பிரித்தறியக் கண் போதாது, கருவி வேண்டும்.

அந்தக் கருவிகள் விலை உயர்ந்தவை அல்ல என்பது இவ்வழக்கத்தின் முதல் பலம். ஒரு மல்டிமீட்டர், ஒரு ஹைட்ரோமீட்டர், தெரிந்த அளவு மின்சாரம் இழுக்கும் ஒரு பழைய 12 வோல்ட் பல்ப், ஒரு கடிகாரம் போதும். பெட்டி உப்பியிருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும்; மீதியைச் சார்ஜ் ஏறிய பிறகே ஊற்ற வேண்டும், முன்பே ஊற்றினால் அமிலம் பொங்கி வழியும். 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 8 முதல் 15 ஆம்பியர் வரை மெதுவாகச் சார்ஜ் கொடுத்து, மூடிகளைத் திறந்து, ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்களிலும் உள்ள அமிலத்தின் ஒப்படர்த்தியைத் தனித்தனியே மணிக்கொரு முறை குறிக்க வேண்டும். ஆறும் ஒன்றுபோல மெல்ல ஏறி 1.240 அருகில் வந்தால் அது கிடந்து கெட்ட பேட்டரி, நம்பிக்கை உண்டு. ஐந்து ஏறி ஒன்று மட்டும் கீழேயே நின்றால், சார்ஜ் முடிந்தும் மொத்த அழுத்தம் 10.5 வோல்ட் பக்கமே நின்றால், ஒரு செல் போய்விட்டது. ஆறும் முழுதாக ஏறிய பிறகும் சுமை கொடுத்த சில நிமிடங்களில் அழுத்தம் சரிந்தால் தகடு தேய்ந்துவிட்டது. ஒரே நாளில் இந்த மூன்றில் எது என்பது தெரிந்துவிடும். ஆகும் செலவோ ஒரு முழுச் சார்ஜுக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் மின்சாரம்.

மீட்பு என்ற சொல்லுக்கு இங்கே ஒரு வரம்பு போட வேண்டும். கிடந்து கெட்ட பேட்டரியும் பழைய கொள்ளளவுக்கு முழுமையாகத் திரும்புவது அரிது. பேட்டரித் துறையின் தரக்கணக்கில் கொள்ளளவு 80 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கினாலே ஆயுள் முடிந்தது என்று பொருள். தொலைபேசி நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் அந்த அளவுகோல் சரி. ஒரு தறி வீட்டுக்கு அதே அளவுகோல் தேவையா என்பதுதான் கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியின் முழுக் கொள்ளளவு 1,800 வாட்-மணி. அதில் 40 விழுக்காடுதான் மீண்டது என்று வைத்தால் 720. அதிலும் பாதியை மட்டும் எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்தால் 360. தறிக்கு மேலே இரண்டு 9 வாட் எல்.இ.டி., பக்கத்தில் 30 வாட்டில் ஓடும் புதுவகை மின்விசிறி, எல்லாம் சேர்ந்து 48 வாட். ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஓடும். குண்டு பல்பும் பழைய விசிறியும் இருந்த காலத்தில் இதே பேட்டரி இரண்டு மணி நேரத்தில் கையை விரித்திருக்கும். விளக்கின் பசி குறைந்ததால் பேட்டரியின் முதுமை பொறுத்துக்கொள்ளத்தக்கதாகிவிட்டது. மீட்பு வழக்கத்துக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய ஆகப் பலமான சான்று இதுவே. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. பெரிய இன்வெர்ட்டரைப் பூட்டினால், சுமையே இல்லாதபோதும் அது தன் பங்குக்கு மின்சாரம் தின்னும். இத்தகைய சிறு ஏற்பாட்டுக்கு நேரடியாக 12 வோல்ட்டில் இயங்கும் விளக்கும் விசிறியுமே பொருத்தம்.

சோலார் பேனல் இதில் எங்கே வருகிறது? பலர் இங்கேதான் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். சல்பேட் படிந்த பேட்டரியைப் பேனலில் மாட்டிவிட்டால் சூரியன் அதை மெல்ல மெல்லக் குணப்படுத்திவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 100 வாட் பேனல் நல்ல வெயிலில் தருவது ஐந்து ஆம்பியர் சொச்சம். 150 ஆம்பியர்-மணி பேட்டரியின் அமிலத்தைக் கலக்கி, படிகத்தைக் கரைக்க அது போதாது. சார்ஜின் கடைசி 20 விழுக்காட்டுக்கு ஆகும் நேரம் முதல் 80 விழுக்காட்டுக்கு ஆன நேரத்துக்கு நிகராக இருக்கும். அந்தக் கடைசிப் பகுதியை எட்டுவதற்குள் வெயில் இறங்கிவிடுகிறது. இரவில் விளக்கு எரிகிறது, மறுநாள் மறுபடி முக்காலோடு நிற்கிறது. பாதிச் சார்ஜிலேயே நாள்களை ஓட்டுவது சல்பேஷனுக்குத் தீனி போடுவதாகும். தனித்தியங்கும் சோலார் அமைப்புகளில் பேட்டரி சீக்கிரம் சாவதற்கு இது முதன்மையான காரணம். மீட்கும் வேலையை வீட்டு மின்சாரத்தில் ஓடும் நல்ல சார்ஜரிடம் கொடுக்க வேண்டும். மீண்ட பிறகு, தானே இறங்கும் சார்ஜை ஈடுகட்டி பேட்டரியை எப்போதும் நிறைவாக வைத்திருக்கச் சிறு பேனலே போதும். மீட்கப் போதாத அதே பேனல் காக்கப் போதுமானது. புறக்கணிப்பால் வந்த நோய்க்கு, யாரும் நினைவுவைத்துக்கொள்ளத் தேவையில்லாத இந்தத் தினசரிப் பராமரிப்பைவிட நல்ல தடுப்பு இல்லை.

இனி இவ்வழக்கத்தின் குறைகள். முதல் குறை, அது அதிசயங்களின் சந்தையாகிவிட்டது. இந்தப் பொடியைப் போடுங்கள், இந்தக் கருவியைப் பூட்டுங்கள், செத்த பேட்டரி பிழைக்கும் என்ற வாக்குறுதி புதியதன்று. அமெரிக்காவில் ஏ.டி.-எக்ஸ்2 என்ற பொடி 1940-களின் கடைசியில் சந்தைக்கு வந்தது. உள்ளிருந்தது பெரும்பாலும் சோடியம் சல்பேட்டும் மக்னீசியம் சல்பேட்டும். அந்நாட்டின் தேசிய தரநிலைகள் நிறுவனம் சோதித்து, பயனில்லை என்று சொன்னது. வாங்கியவர்களோ பயன் இருக்கிறது என்று சாட்சி சொன்னார்கள். 1953-ல் வர்த்தகச் செயலாளர் சின்க்ளேர் வீக்ஸ், சந்தையின் தீர்ப்பை நிறுவனம் மதிக்கவில்லை என்ற நிலைப்பாட்டில் அதன் இயக்குநர் ஆலன் ஆஸ்டினைப் பதவி விலகச் சொன்னார். விஞ்ஞானிகள் கொதித்தெழுந்தார்கள், ஆஸ்டின் மீண்டும் அமர்த்தப்பட்டார். தேசிய அறிவியல் அகாதெமி அமைத்த குழு, நிறுவனத்தின் சோதனைகள் சரியானவை என்றும் பொடிக்குப் பயனில்லை என்றும் அறிவித்தது. அப்படியானால் வாங்கியவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. பொடி போட்டவர்கள் கூடவே தண்ணீரும் ஊற்றினார்கள், நெடுநேரம் மெதுவாகச் சார்ஜும் ஏற்றினார்கள். பேட்டரி மீண்டது சார்ஜால். பெயர் போனது பொடிக்கு. பொடி போடாத பேட்டரி ஒன்றைப் பக்கத்தில் வைத்து அதே சார்ஜைக் கொடுத்துப் பார்க்காதவரை இந்த மயக்கம் தெளியாது. இன்று விற்கும் பொடிகளுக்கும் துடிப்பு மின்னோட்டம் கொடுக்கும் கருவிகளுக்கும் கேட்க வேண்டிய கேள்வி அதுவேதான்: இது இல்லாமல், வெறும் மெதுவான சார்ஜில், எவ்வளவு மீண்டிருக்கும்?

இரண்டாவது குறை, கருவியையே பொய் சொல்லவைக்கும் வேலைகள். ஹைட்ரோமீட்டர் காட்டுவது திரவத்தின் அடர்த்தியை. நல்ல பேட்டரியில் அடர்த்தி ஏறினால் சல்பேட் தகட்டை விட்டு அமிலத்துக்குத் திரும்பிவிட்டது என்று பொருள்கொள்ளலாம். எப்சம் உப்பைக் கரைத்தாலும் அடர்த்தி ஏறும். ஆனால் தகட்டில் ஒரு துகளும் நகர்ந்திருக்காது. பழைய அமிலத்தைக் கொட்டிவிட்டுப் புது ஆசிட் ஊற்றுவதும் இப்படித்தான். ஊற்றியவுடன் எல்லா செல்லும் 1.240 காட்டும், வாடிக்கையாளர் மகிழ்வார். தகட்டில் சிறைப்பட்ட கந்தகம் அங்கேயே இருக்கிறது. பிறகு சார்ஜில் அது வெளிவரும்போது அமிலம் அளவுக்கு மீறிக் காட்டமாகி நேர்மின் சட்டத்தை அரிக்கும். சில வாரங்களில் பேட்டரி முன்னைவிட மோசமாகும். சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் மீட்டரை வைத்து 13 வோல்ட் காட்டி விற்பதும் இதே வகை. அழுத்தம் வேறு, கொள்ளளவு வேறு. முழுச் சார்ஜ் கொடுத்து, சில மணி நேரம் ஓயவிட்டு, தெரிந்த சுமையில் 10.8 வோல்ட் வரை இறக்கி, எத்தனை மணி நேரம் ஓடியது என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வதே கொள்ளளவுக்கான ஒரே நேர்மையான சான்று. அதைச் செய்யாமல் ‘ரெடி பண்ணியாச்சு’ என்று சொல்லும் எந்த பேட்டரியையும் வாங்குபவர் நம்பத் தேவையில்லை.

மூன்றாவது குறை இவற்றையெல்லாம்விடக் கடுமையானது. கொட்டிய ஆசிட் எங்கே போகிறது? அதில் கந்தக அமிலம் மட்டும் இல்லை; உதிர்ந்த காரீயமும் இருக்கிறது. செவிலிமேட்டில் சாக்கடை என்றால் அது பாலாற்றின் பக்கம். காஞ்சிபுரம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு பாலாற்று மணற்படுகையின் ஊற்று நீர். வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் அந்த ஆற்றுக்குச் செய்த கேட்டை விசாரித்து 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் மைல்கல். மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடு நம் சட்டத்தில் வேரூன்ற இந்த ஆற்றின் வழக்கும் ஒரு முக்கியக் காரணம். அதே ஆற்றின் கரையில் ஒரு நன்மையின் பெயரால் காரீயத்தைக் கலப்பது எந்த நியாயத்திலும் அடங்காது. காரீயம் குழந்தைகளின் மூளையைத் தாக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. செனகல் நாட்டின் தலைநகர் டாக்கர் அருகே தியாரோய்-சூர்-மேர் பகுதியில், முறையற்ற பேட்டரி மறுசுழற்சியால் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். 2020-ல் யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவு காரீயம் இருப்பதாகக் கணித்தது. முறையற்ற பேட்டரி மறுசுழற்சியை முதன்மைக் காரணங்களில் ஒன்றாகச் சுட்டியது. ஆகவே பேட்டரியைத் திறந்து தகட்டைக் கழுவுவது, ஆசிட்டை மாற்றுவது என்ற முறைகள் மீட்பு வழக்கத்திலிருந்து முற்றாக விலக்கப்பட வேண்டும். தண்ணீர், மின்சாரம், பொறுமை இந்த மூன்றால் மீளாத பேட்டரி, வீட்டில் மீளாது.

தறி வீட்டுக்கே உரிய ஆபத்துகளும் உள்ளன. முழுச் சார்ஜை நெருங்கும்போது பேட்டரி ஹைட்ரஜனை வெளிவிடும். காற்றில் நான்கு விழுக்காடு சேர்ந்தாலே அது தீப்பிடிக்கும் கலவை. எல்லா செல்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர, சமநிலைச் சார்ஜ் என்று 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும்போது வாயு இன்னும் அதிகம். தண்ணீர் ஊற்றும் வாயில்லாத, மூடி முத்திரையிட்ட பேட்டரிகளில் அதைச் செய்யவே கூடாது. அளவுக்கு மீறிச் சார்ஜாகிச் சூடேறிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடும் வரக்கூடும். மனிதருக்கு நஞ்சு என்பது ஒருபுறம். வெள்ளியைக் கருக்கும் வாயு அது என்பது மறுபுறம். அசல் ஜரிகை என்பது பட்டு இழையைச் சுற்றிய வெள்ளிக் கம்பிக்குத் தங்க முலாம் பூசியது. பல வாரங்கள் நெய்யும் புடவையின் பாவு விரிந்திருக்கும் அறையில் பழைய பேட்டரியைச் சார்ஜுக்குப் போடுவது, ஒரு விளக்கைக் காப்பாற்ற மாதச் சம்பாத்தியத்தைப் பணயம் வைப்பதற்குச் சமம். காற்றோட்டமான திண்ணையோ தாழ்வாரமோதான் அதற்கு இடம். மீட்ட பேட்டரியை நல்ல பேட்டரிகளோடு தொடராகவோ இணையாகவோ சேர்ப்பதும் தவறு. தொடரில் பலவீனமானது முதலில் காலியாகித் தலைகீழாகச் சார்ஜ் ஏறும். இணையில் பழுதான செல் மற்றவற்றின் மின்சாரத்தை உறிஞ்சும். மீட்டது எப்போதும் தனியாகவே வேலை செய்ய வேண்டும்.

இங்கே வலுவான ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் விலை ஆண்டுதோறும் இறங்குகிறது. தண்ணீர் வேண்டாம், ஆயிரக்கணக்கான சுழற்சிகள் தாங்கும், பாதிச் சார்ஜில் கிடந்தாலும் சல்பேஷன் இல்லை. அப்படியிருக்க இந்தக் காரீயப் பெட்டிகளோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்று கேட்கலாம். புதிதாக வாங்குகிறவருக்கு இந்த வாதம் சரி. அவரைக் காரீய-அமில பேட்டரி வாங்கச் சொல்ல எனக்குக் காரணம் இல்லை. ஆனால் மீட்பு என்பது புதிதாக வாங்குவதைப் பற்றிய கேள்வியே இல்லை. பரணில் ஏற்கெனவே கிடக்கும் பேட்டரிக்கான காரீயம் தோண்டி, உருக்கி, வார்த்து முடிந்துவிட்டது. அதற்கான மாசும் நிகழ்ந்துவிட்டது. அதிலிருந்து இன்னும் இரண்டு ஆண்டு வெளிச்சம் கிடைக்குமானால், அதைப் பெறாமல் விடுவதால் யாருக்கும் லாபம் இல்லை. லித்தியம் வாங்கப் பணம் சேர்க்கும் இடைக்காலத்துக்கு மீட்டெடுத்த பேட்டரி பாலமாக இருக்கலாம். ஆனால் மீட்பு முயற்சி மூன்று சார்ஜ்-இறக்கச் சுழற்சிகளுக்குமேல் நீளும்போது, ஒவ்வொரு சுழற்சியிலும் கொள்ளளவு ஏறாமல் நிற்கும்போது, லித்தியத்தை ஆதரிப்பவர் சொல்வதே சரியாகிவிடுகிறது. அங்கே நிறுத்தத் தெரிவதும் இக்கலையின் ஒரு பகுதி.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. உலகில் ஆக அதிகமாக மறுசுழற்சியாகும் பொருள்களில் காரீய-அமில பேட்டரி ஒன்று. கடையில் எக்ஸ்சேஞ்ச் கொடுத்தால் புதியதில் கணிசமாகக் கழிவு கிடைக்கும். நேரே அங்கே கொடுத்துவிட்டால் காரீயம் முறையாகப் புது பேட்டரியாகிவிடாதா? ஆலை முறையானதாக இருந்தால் இந்த வாதத்துக்கு எடை உண்டு. இந்தியாவில் பழைய பேட்டரியின் கணிசமான பங்கு முறைசாரா உருக்கு உலைகளுக்குப் போகிறது என்பதுதான் சிக்கல். அந்தப் பாதை திருந்தாதவரை, ஒரு பேட்டரியின் ஆயுளை நீட்டுவது அது உலைக்குப் போகும் எண்ணிக்கையைக் குறைக்கிறது. அதே நேரத்தில், தேய்ந்த பேட்டரியை மீட்கிறோம் என்று வீட்டில் குவித்து வைப்பதும், தோற்றதைக் காயலான் கடையில் தள்ளுவதும் அந்த உலைக்குத் தீனி போடுவதே. 2001-ஆம் ஆண்டின் பேட்டரி விதிகளுக்குப் பதிலாக 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் இதைத் தெளிவாகப் பார்க்கின்றன. பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைக்கின்றன. பேட்டரிகளைப் புதுப்பிப்பவர்களையும் தனி வகையாக ஏற்று, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. மீட்புக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதே இதன் பொருள். தெருமுனைக் கடைக்காரரை அந்த வட்டத்துக்குள் கொண்டுவரும் வேலைதான் பாக்கி.

மூன்றாவதாக, நெசவாளருக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி. கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 300 யூனிட்டாக உயர்ந்தது. மின்கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒருவர் பழைய பேட்டரியும் பேனலும் வைப்பதானால் அதில் பொருளே இல்லை. ஆனால் இலவச மின்சாரம் கம்பியில் மின்சாரம் வரும்போதுதான் இலவசம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் கடந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையிலும் வட தமிழ்நாட்டின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கூரைமேல் மானியத்தில் பொருத்தும், மின்வாரியக் கம்பியோடு இணைந்த சோலார் அமைப்பும் பேட்டரி இல்லாவிட்டால் அந்நேரம் உதவாது. மின்தடை வந்தவுடன் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும்படிதான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. பேட்டரியோடு தனித்தியங்கும் சிறு ஏற்பாட்டின் இடம் அங்கே இருக்கிறது. நெசவாளருக்கு எதற்கு என்ற அந்தக் கேள்விக்குள் இன்னும் ஆழமான ஒரு மனக்குறையும் ஒளிந்திருக்கிறது: வசதியானவர் வீசியதை ஏழையிடம் தள்ளுகிறீர்கள் என்பது. சோதிக்காத பேட்டரியைக் கொடுத்தால் அந்தக் குற்றச்சாட்டு முழுக்க உண்மை. சோதித்து, மீதிக் கொள்ளளவை எழுத்தில் கொடுத்து, அதற்கேற்ற விலை வைத்து, தோற்றால் திரும்ப எடுத்துக்கொண்டால் அது நேர்மையான விற்பனை.

அந்த நேர்மைக்குத் தனி மனிதரின் நல்ல குணத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. ஒரு பொது ஏற்பாடு வேண்டும். காஞ்சிபுரத்தில் அதற்கான அடித்தளம் வேறு ஊர்களைவிட வலுவாகவே இருக்கிறது. காமாட்சியம்மன், அறிஞர் அண்ணா போன்ற பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் பாவும் ஜரிகையும் எடைபோட்டுக் கொடுத்து, நெய்த புடவையை எடைபோட்டு வாங்கிப் பழகியவை. எடைக்குக் கணக்கு வைக்கத் தெரிந்த அமைப்புக்கு ஆம்பியர்-மணிக்குக் கணக்கு வைப்பது கடினமன்று. சங்கத்துக்கு ஒரு நல்ல சார்ஜர், ஒரு சுமைச் சோதனைக் கருவி, காற்றோட்டமான ஒரு கொட்டகை, பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தால் உறுப்பினர் வீடுகளில் கிடக்கும் பேட்டரிகளைப் பருவமழைக்கு முன் ஒருமுறை சோதித்துவிடலாம். ஊரின் பேட்டரி மெக்கானிக்கே அந்தப் பயிற்சி பெற்றவராக இருக்கலாம். கையால் கற்ற அவர் அறிவுக்குச் சான்றிதழும் நிரந்தர வருமானமும் அதனால் கிடைக்கும். ஒவ்வொரு பேட்டரிமீதும் ஒரு சீட்டு: சோதித்த நாள், ஆறு செல்களின் ஒப்படர்த்தி, அளந்த கொள்ளளவு, ஏற்கத்தக்க சுமை, அடுத்த சோதனை நாள். அளந்தது 30 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அது பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்குப் போக வேண்டும், வேறெங்கும் போகக் கூடாது.

மொத்தத்தில், கைவிடப்பட்ட பேட்டரியை மீட்பது ஆதரிக்க வேண்டிய வழக்கம் என்றே முடிவுசெய்கிறேன். அதே மூச்சில் அதன் இன்றைய நடைமுறையில் பாதியைக் கைவிடவும் சொல்கிறேன். பொடி வேண்டாம், ஆசிட் மாற்ற வேண்டாம், பெட்டியைத் திறக்க வேண்டாம், அளக்காமல் விற்க வேண்டாம். மெதுவான சார்ஜ், ஆறு செல்லின் கணக்கு, கடிகாரம் வைத்த இறக்கச் சோதனை, குறைந்த சுமை, காக்கும் பேனல் ஆகியவை போதும். இவற்றால் எல்லா பேட்டரியும் மீளாது. பலவற்றை நாம் மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அதுவும் இவ்வழக்கத்தின் வெற்றிதான், ஏனென்றால் பரணில் உறங்கிய காரீயம் சரியான கைக்குப் போகிறது. ஒரு பேட்டரி மீளும் என்று கண்டுபிடிப்பதும், மீளாது என்று கண்டுபிடிப்பதும் ஒரே சோதனையின் இரண்டு பயன்கள். அந்தச் சோதனையைச் செய்யத் தயாராக இருப்பவருக்கு மட்டுமே மீட்பவர் என்ற பெயர் பொருந்தும்.